எடுக்கக் கூடாத போன்

போன மாதம் எங்கள் வீட்டுப் போனைக் கண்ணாடி இழைக்கு மாற்ற இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை, முதுகில் பை. ஒருவன் சுவரில் துளை போட்டான், மற்றவன் மொபைலில் ஏதோ தட்டினான். நான் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள், “நம்பர் அதேதான் சார், முடிஞ்சுது” என்று எழுந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

போகும்போது ஒருவன் கேட்டான். “வூட்ல எல்லார் கைலயும் மொபைல் கீது. இத்த ஏன் சார் வச்சுகினு கீறீங்க? யாரு இதுல கூப்புடறா?”

“யாரும் கூப்புடறதில்ல. மணி மட்டும் அடிக்கும்” என்றேன்.

பெரியவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற டெலிபோன்காரர்கள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக்கொடு என்று செயலாளரும் இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் செக்‌ஷனில், நம்பர் மாறாமல் வீட்டுப் போனைக் கம்பியிலிருந்து நெட்டுக்கு மாற்றிய முதல் கை இந்தக் கஜேந்திரன் கை. ஆட்சேபம் உள்ளவர்கள் மலருக்கு எழுதலாம். பதிலோடு காத்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. தினக்கூலிக்குப் பள்ளம் வெட்டப் போனேன். பள்ளம் வெட்டியவன் கேபிள் இழுத்தேன், கேபிள் இழுத்தவன் கம்பம் ஏறினேன், கம்பம் ஏறியவன் பெர்மனென்ட் ஆனேன். வேறு யாராவது இந்தக் கதையைப் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள். எனக்கு அது போதும்.

தொழிலில் நான் எப்படி என்று கேட்டால் திருவொற்றியூரில் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். ரோட்டோரத்தில் பச்சைப் பெட்டி ஒன்று நிற்குமே, பில்லர் என்போம், அதன் கதவைத் திறந்தால் வாசனையிலேயே சொல்வேன், உள்ளே உப்பு ஏறியிருக்கிறதா, எலி குடும்பம் நடத்துகிறதா என்று. நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகளில் உங்கள் வீட்டுக் கம்பி எது என்று விரலால் தடவியே எடுப்பேன். படித்தவர்கள் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், நான் விரல் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் இரண்டும் ஒன்றைத்தான் சொல்லும். சொல்லாதபோது மீட்டருக்கு பேட்டரி மாற்றுவோம்.

எங்கள் செக்‌ஷனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கண்டெய்னர் லாரி, மற்றது கடல். லாரி மேலே இருந்து ரோட்டை அமுக்கும், கடல் பக்கவாட்டில் இருந்து அதைத் தின்னும். எண்ணூர் போகும் வழியில், கருங்கல்லைக் கொட்டிக் கொட்டி அலையைத் தடுத்துவைத்திருந்த இடத்தில் ஒரு குப்பம். அந்தக் குப்பத்துக்குப் போன கேபிளை என் சர்வீஸில் மூன்று முறை புதைத்தோம். மூன்று முறையும் கடல் எடுத்துக்கொண்டது. நாலாவது முறை வேண்டாம் என்று மேலிடம் முடிவு செய்தது. பிராட்பேண்ட் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்த சமயம் அது. கம்பம் வழியாக ஒரே ஒரு நெட் கேபிள் இழுப்பது, வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் பெட்டி வைப்பது, பழைய போனை அந்தப் பெட்டியில் சொருகுவது, பேச்சு நெட் வழியாகப் போவது. இதுதான் திட்டம். சோதனைக்கு அந்தக் குப்பம், வேலைக்கு நான்.

எங்களுக்கு மேலே இருந்த அதிகாரி கோமதி மேடம். திருநெல்வேலிப் பக்கம். குரல் உயர்த்த மாட்டார், திட்ட மாட்டார். அவரிடம் இருந்த ஆயுதம் ஒரே ஒரு வார்த்தை, “அப்புறம்?” நாம் போய் வேலை முடிந்தது என்போம். “அப்புறம்?” என்பார். கம்பி போட்டாச்சு மேடம். “அப்புறம்?” டயல் டோன் வந்தது மேடம். “அப்புறம்?” இப்படி ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே போவார். கடைசியில், அந்த வீட்டில் ஆள் இல்லை, நான் உள்ளேயே போகவில்லை என்ற உண்மை தானாக வெளியே வந்து விழும். அதற்கும் கோபப்பட மாட்டார். “சரி, போயிட்டு வாங்க” என்று பைலைப் புரட்டுவார். அந்த ‘போயிட்டு வாங்க’வுக்கு ஒரு மெமோ மேல்.

இன்னொரு பழக்கம் உண்டு. எந்த லைனைச் சரி செய்தாலும் கடைசியில் இரண்டு கேள்வி. “மணி அடிச்சுதா?” அடிச்சுது மேடம். “யார் கேட்டது?” சந்தாதாரர் தன் காதால் கேட்டிருக்க வேண்டும். நம் காது செல்லாது.

குப்பத்தில் முதல் போன் எல்லம்மாக்கா வீட்டுப் போன். தொண்ணூறுகளின் கடைசியில் நான்தான் போட்டுக்கொடுத்தேன். அவளுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு, காசிமேட்டில் நிற்கும். புருஷன் இல்லை, மகன் செல்வம் ஓட்டுகிறான். அடுத்த வீடு மல்லிகா. அவள் புருஷன் ஏழுமலைக்கும் ஒரு படகு. இரண்டு படகும் ஜோடியாகத்தான் கடலுக்குப் போகும், ஜோடியாகத்தான் வரும். கரையில் இருக்கும் இந்த இரண்டு பெண்களும் குழாயடித் தகராறில் பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. பேச்சுதான் இல்லை, ஏச்சு தினமும் உண்டு.

எல்லம்மாக்கா வீட்டு பில்லைப் பார்த்து ஒருமுறை கேட்டேன். “யக்கா, வாடக ஒண்டியும்தான் வருது. போனே பேசறதில்லயா?”

“பேசறதுக்கா போனு? நல்லாக் கேட்ட போ.”

அப்புறம்தான் விவரம் சொன்னாள். படகுகள் வடக்கே ஆந்திரக் கரை வரை போகும். காற்று மாறினால், எஞ்சின் மக்கர் செய்தால், அங்கேயே ஏதாவது துறைமுகத்தில் ஒதுங்குவார்கள். ஒதுங்கியவன் பூத்துக்குப் போய் எல்லம்மாக்கா நம்பரைப் போடுவான். ஒரு மணி அடித்து வைத்தால் ஒரு படகு கரையேறிவிட்டது, ஜோடிப் படகு இன்னும் வரவில்லை. இரண்டு மணி அடித்தால் இரண்டு படகும் பத்திரம். மூன்று அடித்தால் எஞ்சின் போச்சு, மெக்கானிக்கை அனுப்பு. யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அங்கே பூத்துக்காரன் காசு கேட்பான். கடலிலிருந்து வருகிறவன் பையில் உப்புதான் இருக்கும்.

மொபைல் வந்த பிறகும் அதை மாற்றவில்லை. கடலுக்குப் போன மொபைல் உப்புக் காற்றில் நாலு நாள் தாங்காது. தாங்கினாலும் ஆந்திரா போனதும் ரோமிங் தின்றுவிடும். மணிக்கு ரோமிங் கிடையாது.

இரண்டு படகின் கேபினிலும், சாமி பேருக்குக் கீழே, எல்லம்மாக்கா வீட்டு நம்பர்தான் பெயிண்டில் எழுதியிருந்தது. மல்லிகா புருஷன் படகிலும் அதே நம்பர்தான். பேச்சில்லாவிட்டாலும் மணி பொது.

பெட்டி விஷயத்தைச் சொல்லப் போனபோது எல்லம்மாக்கா ஒரே வரியில் முடித்தாள். “நம்பரு மாறிச்சு, உன் பொட்டிய கடல்ல கடாசிட்டு வந்துருவேன் கஜா.”

நம்பர் மாறாமல் மாற்றுவது இப்போது மொபைலில் தட்டுகிற வேலை. அன்றைக்கு அப்படி இல்லை. எக்ஸ்சேஞ்சில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புச் சட்டம் அறை நீளத்துக்கும் நிற்கும். ஒரு பக்கம் நம்பர்கள், மறுபக்கம் ஊரிலிருந்து வரும் கம்பிகள். நடுவில் இந்த நம்பரை இந்தக் கம்பியோடு சேர்க்கும் மெல்லிய ஒயர். அதை ஜம்பர் என்போம். நம்பரை நெட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் ஜம்பரை எடுத்து அந்த நம்பரைப் பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து விடுவிக்க வேண்டும். பிறகு நகரத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் புது மெஷினில் அதே நம்பரை உண்டாக்க வேண்டும். நடுவில் அந்த நம்பர் இங்கேயும் இருக்காது, அங்கேயும் இருக்காது. யார் கூப்பிட்டாலும் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு அம்மா பேசும். இந்த இடைவெளி ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அந்த நேரம் பார்த்து ஒரு படகு ஒதுங்கினால்?

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். நாற்பத்தைந்து நாள் ஒரு விசைப்படகும் கடலுக்குள் போகக் கூடாது. “அப்ப மாத்தினா என்ன மேடம்? எல்லா ஆம்பளையும் கரையில கேரம் ஆடிகினு இருப்பான். மணி அடிக்க ஆளே இல்ல” என்றேன்.

கோமதி மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “நல்ல யோசனை கஜேந்திரன்.” என் சர்வீஸில் அவர் என்னிடம் சொன்ன ஒரே ‘நல்ல’ அது. அடுத்த நொடியே, “அப்புறம்?” என்றார்.

தடைக்காலத்தில் ஒரு காலைப்பொழுது வேலையை எடுத்தோம். மேடம் எக்ஸ்சேஞ்சில், சட்டத்துக்குப் பக்கத்தில், கையில், புது மெஷின் அறைக்குப் போட்ட போன். நான் ஜம்பரை எடுத்ததும், “விட்டாச்சு, நீங்க ஏத்துங்க” என்றார். அவர்கள் அங்கே ஏற்றும்வரை அந்தப் போனை அவர் வைக்கவில்லை. மூன்று நாள் ஆகும் என்ற வேலை சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. விட்ட நம்பரை நடுரோட்டில் நிற்கவைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

நான் சைக்கிளை மிதித்துக் குப்பத்துக்குப் போனேன். பெட்டியைச் சுவரில் அடித்தேன். கீழே ஒரு பேட்டரி வைத்தேன். பழைய கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும், ஊரே இருண்டாலும் போன் பேசும். இந்தப் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். பழைய போனைச் சொருகி, வாசலில் நின்று என் மொபைலிலிருந்து நம்பரைப் போட்டேன். காதில் டோன் கேட்டது. கொஞ்சம் கழித்து உள்ளே மணி அடித்தது. எல்லம்மாக்காவை எடுக்கச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டெஸ்டுக்குக்கூட எடுக்க மாட்டேன் என்கிறாள். எடுத்து, “இன்னா?” என்றாள். கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவான குரல்.

மேடத்திடம் சொன்னேன். “மணி அடிச்சுது மேடம். அந்தம்மாவே கேட்டாங்க. பேச்சு சுத்தமா இருக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல மேடம்.”

“ஒண்ணுமில்லன்னு எப்படித் தெரியும்?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தடை முடிந்து படகுகள் போயின. பத்து நாள் இருக்கும், ஆந்திரப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோ சொன்னது. எங்கள் பக்கமே காற்று பலமாக அடித்தது. குப்பத்தில் விடியற்காலையிலிருந்து கரண்ட் இல்லை. பெட்டிகளின் பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்து வரச்சொல்லி மேடம் அனுப்பினார். போனேன்.

எல்லம்மாக்கா வீட்டு வாசலில் பாதிக் குப்பம் நின்றது. உள்ளே போனுக்கு முன்னால் தரையில் எல்லம்மாக்கா. அவள் பக்கத்தில், தோள் இடிக்க, மல்லிகா. நான் என் கண்ணை நம்பவில்லை.

“இன்னா யக்கா?”

“காலைல மணி அடிச்சுது.”

“நல்லதுதான?”

“ஒண்ணுதான் அடிச்சுது.”

எனக்கு உடனே ஏறவில்லை. வாசலில் நின்ற ஒரு கிழவர்தான் மெதுவாகச் சொன்னார். “ஒரு படகு வந்துடுச்சு நைனா. இன்னொண்ணு வரல. எதுன்னு தெரியல.”

இரண்டு படகு, ஒரு மணி. அந்த மணி செல்வம் அடித்ததா, ஏழுமலை அடித்ததா? மணிக்கு முகமில்லை. காலையில் ஒன்று வந்தது, அதற்குப் பிறகு மத்தியானம் வரை ஒன்றும் வரவில்லை. யார் வீட்டில் விளக்கேற்றுவது, யார் வீட்டில் விழுந்து அழுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

“எம் புள்ள சின்னப் பையன் இல்ல. காத்து தெரிஞ்சவன்” என்றாள் எல்லம்மாக்கா, யாரையும் பார்க்காமல்.

“அப்ப எம் புருஷன் தெரியாதவனா?” என்றாள் மல்லிகா.

“நான் அப்டி சொன்னனா?”

“சொல்லாம சொல்லிகினுதான கீற காலைலருந்து.”

“ஏய், நீ வேற பேஜாரு பண்ணாத. குந்து. சாப்டியா?”

“நீ சாப்டியா?”

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. நான் பேட்டரியைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. டெஸ்ட் செய்த அன்று என் காதில் டோன் முதலில் கேட்டது. மணி கொஞ்சம் கழித்துத்தான் அடித்தது. பழைய கம்பியில் அப்படி இல்லை, இரண்டும் ஏறக்குறைய கூடவே நடக்கும். இங்கே கூப்பிடுகிறவன் காதில் டோன் முன்னால் ஓடுகிறது, பெட்டி பின்னால் நடந்து வருகிறது.

“யக்கா, நான் வெளிய போயி போன் போடறேன். எடுக்காத. எத்தினி மணி அடிக்குதுன்னு எண்ணு.”

“நீ போடற நேரம் பாத்து அவனுங்க போட்டுட்டா? லைன் கெடைக்காம பூடுமே?”

“சீக்கிரமா போட்டுட்டு வச்சிடறேன் யக்கா.”

தெருவுக்கு வந்து போட்டேன். என் காதில் இரண்டு கேட்டதும் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். “எத்தினி?”

“ஒண்ணு” என்றாள் மல்லிகா. விரலை மடக்கியே வைத்திருந்தாள்.

மறுபடி போட்டேன். இரண்டில் வைத்தேன். “இப்ப ரெண்டு அடிச்சுது” என்றார்கள். இன்னொரு முறை மூன்று விட்டு வைத்தேன். “ரெண்டு.”

ஆக, பெட்டி சில சமயம் ஒரு மணியை விழுங்குகிறது, சில சமயம் விழுங்கவில்லை. ஒழுங்காக ஒவ்வொரு முறையும் ஒன்று குறைந்தால், ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இதற்கு அந்த ஒழுங்கும் இல்லை.

“அப்ப காலைல அடிச்சது?” என்றாள் எல்லம்மாக்கா.

“ரெண்டா இருக்கலாம் யக்கா.”

“ஒண்ணாவும் இருக்கலாமா?”

நான் மறுபடி குனிந்து அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தேன். மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “நீ வந்து சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணாத்த. மனசு ஒரு பக்கமா படுத்துகினு இருந்துச்சு. இப்ப எழுந்து குந்திகிச்சு.”

வெளியே வந்து மேடத்துக்குப் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“அப்புறம்?”

“டோனுக்கும் மணிக்கும் எடம் இருக்கு மேடம். சில நேரம் ஒரு மணி காணாமப் போவுது.”

“அப்புறம்?”

“ரெண்டு படகுல ஏழெட்டு ஏழெட்டுப் பேரு மேடம். காலைல வந்தது ஒண்ணா ரெண்டான்னு இந்தப் பொம்பளைங்களுக்குத் தெரியணும்.”

அந்தப் பக்கம் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார். “வழக்கமா எந்த ஊர்ல ஒதுங்குவாங்க? கேட்டுச் சொல்லுங்க. படகை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?”

வாசலில் நின்ற கிழவரைக் கேட்டுச் சொன்னேன். “கிருஷ்ணபட்டினம், இல்லன்னா நிஜாம்பட்டினம். அடையாளத்துக்கு நம்பர் இருக்கு மேடம். இதே போன் நம்பர். ரெண்டு கேபின்லயும் எழுதியிருக்கும்.”

“சரி” என்று வைத்துவிட்டார்.

அவர் செய்தது இதுதான். அந்தந்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்குத் தானே போன் போட்டு, துறைமுகத்துக்கு ஒரு லைன்மேனை அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். உத்தரவு போட அவருக்கு அதிகாரமில்லை, வேறு மாநிலம். கேட்டார், அவ்வளவுதான். எங்கள் துறையில் ஒரு விஷயம் உண்டு. லைன்மேனுக்கு லைன்மேன் எந்த ஊராயிருந்தாலும் பங்காளி. மழையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு ஆளை வெளியே அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ஆள் பல முறை நான். ஆனால் இன்னொரு ஊர்க்காரன் கேட்டால் போவான்.

நான் உள்ளே வந்து அதே பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன். யாரோ டீ கொண்டுவந்தார்கள். எல்லம்மாக்கா தன் டம்ளரை மல்லிகா பக்கம் தள்ளினாள். மல்லிகா அதைத் திருப்பித் தள்ளினாள். டீ ஆறிப்போனது.

அப்போது மணி அடித்தது.

வாசலில் நின்ற கூட்டம் அப்படியே உறைந்தது. எல்லோர் உதடும் அசைந்தது. ஒண்ணு. மல்லிகாவின் கை எல்லம்மாக்காவின் முழங்கையைப் பிடித்தது. ரெண்டு. யாரோ ஒரு பெண் “ஆத்தா” என்றாள். இனி நிற்க வேண்டும், நின்றால் போதும். மூணு. கூட்டத்தில் ஒரு முனகல், “எஞ்சின் பூட்ச்சா?” நாலு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாலுக்கு அர்த்தம் கிடையாது. அஞ்சு.

“அஞ்சுக்கு இன்னாடி?” என்றாள் எல்லம்மாக்கா.

“எனக்கு இன்னாத்துக்குத் தெரியும், உன் வூட்டு போனு.”

ஆறு. இத்தனை வருட சர்வீஸ் எனக்கு. மணி அடித்தால் எடுக்க வேண்டும் என்று தெரியாதவன் இல்லை. ஆனால் அந்த வீட்டில் நானும் அவர்களோடு சேர்ந்து எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஏழில்தான் எனக்கு உறைத்தது.

“யாராவது எடுங்க. அது பேசறதுக்கு அடிக்கிற மணி.”

எல்லம்மாக்காவின் கை நீளவில்லை. பத்து வருடப் பழக்கம் அவள் கையைக் கட்டிப்போட்டிருந்தது. மல்லிகாதான் பாய்ந்து எடுத்தாள். காதில் வைத்தாள். முகம் சுருங்கியது.

“எவனோ தெலுங்குல பேசறான்.”

நான் வாங்கினேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களோடு வளர்ந்தவன், எனக்குத் தெலுங்கு கொஞ்சம் வரும். நிஜாம்பட்டினம் லைன்மேன். பெயர் சாம்பய்யா. மேடம் சொன்ன நம்பரைத் தேடி மழையில் துறைமுகம் முழுக்க நடந்து, கேபினில் எழுதியிருந்ததைப் பார்த்து, அதே நம்பருக்குத் தன் சொந்த மொபைலிலிருந்து போட்டிருக்கிறான்.

“ரெண்டு படவலு உன்னாயி அன்னா” என்றான். “ரெண்டூ. பக்க பக்கனே.” பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதாம்.

தெலுங்கில் இரண்டு படகுக்கும் தமிழில் இரண்டு படகுக்கும் அதிக வித்தியாசமில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்தே வாசலில் சத்தம் கிளம்பிவிட்டது. போனை மல்லிகாவிடம் நீட்டினேன். ஏழுமலை குரல் வந்திருக்க வேண்டும். “ம்” என்றாள், இன்னொரு முறை “ம்” என்றாள், போனை எல்லம்மாக்கா கையில் திணித்துவிட்டு மூலையில் போய் நின்றுகொண்டாள்.

அந்தப் பக்கம் இப்போது செல்வம். அவன் போட்ட கூச்சல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“இன்னாத்துக்கும்மா போன எடுத்த? இந்தாளு துட்டு போவுது. காலைலயே ரெண்டு மணி அடிச்சனே, எண்ணத் தெரியாதா உனக்கு?”

எல்லம்மாக்கா கொஞ்ச நேரம் மகனுடைய திட்டைக் கேட்டாள். அப்படி ஒரு சந்தோஷத்தோடு திட்டு வாங்கியவளை நான் பார்த்ததில்லை. பிறகு, “சரி சரி, வையிடா, துட்டு போவுது” என்று வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“கஜா.”

“யக்கா.”

“உன் பொட்டி எம் மணிய முழுங்கிடுச்சு.”

பெட்டிக்கு வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். பேச்சு எவ்வளவு சுத்தம், நம்பர் மாறவே இல்லை, கடல் இனி கேபிளைத் தின்னாது. அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

“அத்த விடு. மணி உன் பொட்டியோடது. அது அடிச்சாலும் அடிக்கும், முழுங்கினாலும் முழுங்கும். போனு எங்க ஆளுங்களோடது. இனிமே மணிய எண்ண வாணாம். எத்தினி தபா போனு வருதுன்னு எண்ணிக்கறோம். போட்டு, மணி அடிக்க வுட்டு, வச்சிட்டா ஒரு படகு. மறுபடி போட்டு வச்சா ரெண்டு. இத்த எதால முழுங்க முடியும்?”

எதாலும் முடியாது. மறுநாள் மேடத்திடம் அப்படியே சொன்னேன். அவர் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். பேச்சில் குறையில்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான். அதன் பிறகு எங்கள் செக்‌ஷனில் பெட்டி வைக்கப் போகிறவர்களுக்கு மேடத்திடமிருந்து மூன்றாவதாக ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. மணி அடிச்சுதா, யார் கேட்டது, அந்த வீட்டில் போனை எதுக்கு வச்சிருக்காங்க? மூன்றாவதற்குப் பதில் தெரியாமல் போனவனை, “சரி, போயிட்டு வாங்க” என்று அனுப்பிவைப்பார்.

எல்லம்மாக்காவும் மல்லிகாவும் அதற்கடுத்த வாரமே குழாயடியில் பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரே ஒரு வித்தியாசம். இப்போது பெயர் சொல்லித் திட்டிக்கொண்டார்கள்.

குப்பம் முழுக்க நான்தான் மாற்றினேன். அதற்குப் பிறகு ராயபுரத்தில், புளியந்தோப்பு வாரியக் குடியிருப்பில் என்று எத்தனையோ வீடு. ஒரு நம்பரைக்கூடத் தொலைக்கவில்லை. இதை என் கல்லறையில் எழுதலாம், நான் எரிக்கப்படப் போகிறவன் என்றாலும்.

ஓய்வு பெற்ற அன்று மாலை, மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுப் போன் அடித்தது. நின்றது. உடனே மறுபடி அடித்தது. நின்றது. என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்து, “யாருய்யா அது, எடுக்கறதுக்குள்ள வச்சிட்டாங்க?” என்றாள். நான் என் நம்பரை எல்லம்மாக்காவுக்கு எப்போது கொடுத்தேன் என்று நினைவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, கடலில் காற்று கொஞ்சம் கோபமாக அடிக்கும் நாட்களில், எங்கள் வீட்டிலும் அது அடிக்கிறது. செல்வத்துக்கு இப்போது தலை நரைத்திருக்கும். அவன் சட்டைப் பையில் நல்ல மொபைல் இருக்கும். ஆனாலும் இரண்டு தடவை போட்டு வைக்கிறான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, நேற்று, புதுக் கண்ணாடி இழையில் முதல் முறையாக அடித்தது. ஒரு தடவை. மனைவி கையை நீட்டினாள். “எடுக்காத” என்றேன்.

அவளும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவதும் வந்தது.